வீட்டில் ஓடுது, மண்டபத்தில் ஓடலையே: ஸ்லைடு கேள்வி பதில்

கேரளத்தின் கொழிஞ்சாம்பாறையில் புரொஜெக்டர் வாடகைக்கு விடுகிறேன். கல்யாணம், பள்ளி ஆண்டு விழா, கோயில் திருவிழா எதுவானாலும் கூடவே போய் ஸ்லைடு ஓட்டிக் கொடுப்பதும் நான்தான். ஜனவரி பிறந்தாலே ஆண்டு விழாக் கேள்விகள் குவிந்துவிடும், அதனால் மொத்தமாக உட்கார்ந்து பதில் சொல்கிறேன். கேட்பவர்கள் பவர்பாயிண்ட் எந்த வருடத்தது, ஓட்டப்போகிற கம்ப்யூட்டர் விண்டோஸா லினக்ஸா என்று சேர்த்துச் சொன்னால் புண்ணியம்.

சித்தூர், கல்லூரி மாணவி: அண்ணா, வீட்டில் பவர்பாயிண்ட் 2007. வீடியோ வைத்து செமினார் ஸ்லைடு செய்தேன், நன்றாக ஓடியது. மெயிலில் அனுப்பி காலேஜில் திறந்தால் படம் மட்டும் நிற்கிறது, வீடியோ ஓடவில்லை. பாட்டும் இல்லை.

நீ அனுப்பியதில் வீடியோவே இல்லை தங்கச்சி. 2007 வரைக்கும் வந்த பவர்பாயிண்ட் வீடியோவை உள்ளே வைத்துக்கொள்ளாது, அது எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்ற விலாசத்தை மட்டும் குறித்து வைத்துக்கொள்ளும். உன் வீட்டு விலாசத்தைக் காலேஜ் கம்ப்யூட்டரில் தேடினால் எப்படிக் கிடைக்கும்? பாட்டும் அப்படித்தான். வேவ் கோப்பு மட்டும் உள்ளே போகும், அதுவும் நீயாக செட்டிங்கை மாற்றாத வரை 100 கிலோபைட்டுக்குள் இருந்தால்தான். எம்பி3 எல்லாம் வெளியேதான் நிற்கும்.

அதனால் முதல் ஸ்லைடைத் தொடும் முன்பே ஒரு ஃபோல்டர் போடு. வீடியோ, பாட்டு எல்லாவற்றையும் அதற்குள் காப்பி செய்து, காலி ஸ்லைடையும் அதிலேயே சேவ் செய்துவிட்டு, அப்புறம்தான் இன்செர்ட். அனுப்பும்போது முழு ஃபோல்டரையும் ஜிப் செய்து அனுப்பு, அங்கே ஜிப்பைப் பிரித்த பிறகு திற. ஜிப்புக்குள்ளேயே டபுள் கிளிக் செய்துவிட்டு வரலை வரலை என்பவர்கள் வாரம் நாலு பேராவது என்னிடம் வருகிறார்கள்.

2010 முதல் வீடியோ உள்ளேயே உட்கார்ந்துவிடும். ஆனால் இன்செர்ட் பொத்தானின் ஓரத்தில் சின்ன அம்புக்குறி இருக்கும், அதில் 'லிங்க் டு ஃபைல்' பட்டுவிட்டால் பழைய கதைதான். புதியதில் செய்துவிட்டுப் பழைய பிபிடி வடிவில் சேவ் செய்தாலும் வீடியோ வெறும் படமாகிவிடும், பிபிடிஎக்ஸ் ஆகவே வை.

சரியாக இருக்கிறதா என்று பார்க்க நான் செய்வது: சேவ் செய்து மூடு. வீடியோ இருக்கிற ஃபோல்டரின் பெயரை மாற்று. மறுபடி திறந்து ஓட்டு. ஓடினால் எங்கேயும் எடுத்துப் போகலாம். 2010 அல்லது அதற்குப் புதியதில் செய்திருந்து இன்னும் சந்தேகம் இருந்தால் பிபிடிஎக்ஸ் கோப்பை ஒரு காப்பி எடுத்து, அதன் கடைசி எழுத்துகளை ஜிப் என்று மாற்றித் திறந்து பார், உள்ளே மீடியா என்ற ஃபோல்டரில் வீடியோ கிடக்கும். இல்லை என்றால் இல்லை.

மறையூர், தமிழ் மீடியம் ஆசிரியர்: வீட்டில் விண்டோஸ், பள்ளியில் கேரள அரசின் கைட் நிறுவனம் கொடுத்த லேப்டாப், லினக்ஸ். எழுத்து இடம் மாறுகிறது, அனிமேஷன் சிதறுகிறது, யூடியூப் வீடியோவும் வரவில்லை.

டீச்சர், அங்கே திறப்பது பவர்பாயிண்ட் இல்லை, லிபர் ஆபீஸ் இம்ப்ரெஸ். அதே லிபர் ஆபீஸ் விண்டோஸுக்கும் இலவசமாகவே கிடைக்கிறது, வீட்டிலும் அதையே போட்டு அதிலேயே செய்யுங்கள். பாதித் தலைவலி போய்விடும். இரண்டு பக்கமும் நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவைப் போட்டுவிட்டால் எழுத்து நகராது. எழுத்து சுழன்று சுழன்று வருவதை விட்டுவிடுங்கள், பிள்ளைகளுக்கு அதில் ஒன்றும் ஏறுவதில்லை. வீடியோவைப் பென்டிரைவில் தனியாகவும் எடுத்துப் போங்கள், ஸ்லைடில் மக்கர் செய்தால் விஎல்சி என்ற வீடியோ பிளேயரில் ஓட்டிவிடலாம். யூடியூப் இணைப்புக்கு நெட் வேண்டும். மறையூரில் மழை குறைவு, நெட் அதைவிடக் குறைவு.

வண்டிப்பெரியார்: ஐபோனில் எடுத்த வீடியோ. விஎல்சியில் ஓடுது, பவர்பாயிண்டில் ஓடலை. எம்பி4 போட்டால் ஓடும் என்கிறார்கள், அதுவும் ஓடலை.

நல்ல கேள்வி. எம்பி4 என்பது தூக்குச் சட்டி மாதிரி, உள்ளே சாம்பாரா ரசமா என்று வெளியே தெரியாது. 2017இல் ஐஓஎஸ் 11 வந்ததிலிருந்து ஐபோன் ஹெச்.265 என்ற சுருக்க முறையில் பதிவு செய்கிறது, ஹெச்இவிசி என்பதும் அதுதான். விஎல்சி தனக்கு வேண்டியதைத் தன்னோடே கொண்டுவரும். பவர்பாயிண்ட் விண்டோஸை நம்பி இருக்கிறது, அந்த விண்டோஸில் ஹெச்இவிசி இல்லாவிட்டால் கறுப்புத் திரைதான். ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் பழைய சுருக்க முறையான ஹெச்.264 ஆக மாற்றுங்கள், ஒலிக்கு ஏஏசி வையுங்கள். இனி எடுப்பதற்கு போனில் கேமரா செட்டிங்கில் ஃபார்மேட்ஸ் போய் 'மோஸ்ட் கம்பாட்டிபிள்' வையுங்கள்.

வேலந்தாவளம்: 2007இல் செய்த ஸ்லைடைப் பென்டிரைவில் போட்டுப் போனேன், வீடியோ வரலை.

சித்தூர் தங்கச்சிக்குச் சொன்னதைப் படியுங்கள். அப்புறம் பென்டிரைவிலிருந்து நேரே ஓட்டாதீர்கள், டெஸ்க்டாப்பில் காப்பி செய்து ஓட்டுங்கள். ஒரு கல்யாண வரவேற்பில் இறந்துபோன பாட்டியின் வீடியோ பாதியில் நின்றது, யாரோ பென்டிரைவைத் தட்டிவிட்டார்கள். முன் வரிசையில் தாத்தா. அந்த இரண்டு நிமிடம் நான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நின்றேன்.

ஒழலப்பதி: பாமினி எழுத்துருவில் அடித்த ஸ்லைடு வேறு கம்ப்யூட்டரில் இங்கிலீஷ் எழுத்தாக வருகிறது.

பாமினி தமிழே இல்லை, இங்கிலீஷ் எழுத்துக்குத் தமிழ் முகமூடி. முகமூடி இல்லாத கம்ப்யூட்டரில் 'அம்மா' என்பது எம், கே, அரைப்புள்ளி, கே, ஹெச் என்று நிற்கும். தமிழைத் தமிழாகவே சேமிக்கிற யூனிகோடுக்கு மாறுங்கள்.

கோபாலபுரம், ஃப்ளெக்ஸ் டிசைனர்: சும்மா பாமினியைத் திட்டாதீங்க. எங்க தொழிலில் இருக்கிற அழகு எழுத்தெல்லாம் பழைய முறைதான். யூனிகோடில் கல்யாணத் தலைப்பு போட்டால் ரேஷன் கார்டு மாதிரி இருக்கு.

பத்து வருடத்துக்கு முன்னால் இதைச் சொல்லியிருந்தால் தலையாட்டியிருப்பேன். இப்போது யூனிகோடிலேயே நல்ல எழுத்துரு இருக்கிறது, தேடுவதற்குத்தான் சோம்பல்.

கொழிஞ்சாம்பாறை, ஆசிரியர்: எங்கள் பிள்ளைகளுக்கு ஒரே ஸ்லைடில் தமிழும் மலையாளமும் வேண்டும். பாமினியில் மலையாளம் எங்கே போவது?

அப்படிக் கேளுங்கள் மாஷே. விண்டோஸ் 8 முதல் இருக்கிற நிர்மலா யூஐ எழுத்துரு ஒன்றிலேயே இரண்டு மொழியும் வரும். லதா எழுத்துருவை நம்பாதீர்கள், விண்டோஸ் 10இல் அது தனியாகச் சேர்க்க வேண்டிய பட்டியலுக்குப் போய்விட்டது.

ஃப்ளெக்ஸ் டிசைனர்: எழுத்துருவை ஸ்லைடோடு சேர்த்தே சேவ் பண்ணலாமே, 'எம்பெட் ஃபாண்ட்ஸ்' எதுக்கு இருக்கு?

இருக்கிறது, ஆப்ஷன்ஸில் சேவ் பக்கத்தில். ஆனால் சேர்க்க அனுமதி இல்லாத எழுத்துருக்கள் உண்டு, அவை உள்ளே போகாது. அனுமதி இருந்தாலும் மறையூர் டீச்சரின் லினக்ஸில் அதை நம்பி நான் போகமாட்டேன். உங்கள் அழகுத் தலைப்பைப் பிஎன்ஜி படமாக்கி ஒட்டுங்கள், எங்கே போனாலும் அழகு குறையாது. பாடத்தை மட்டும் யூனிகோடில் அடியுங்கள்.

ஃப்ளெக்ஸ் டிசைனர்: படமாக்கினால் கடைசி நேரத்தில் மாப்பிள்ளை பேரில் தப்பு இருந்தால்?

அடிக்கும் முன்னால் பத்திரிகையைப் பாருங்க சாமி. அடுத்த கேள்வி.

குமுளி: வாட்ஸப்பில் வந்த வீடியோ திரையில் மங்கல்.

டாகுமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள்.

நாட்டுக்கல்: முழு ஸ்லைடையும் வீடியோவாக மாற்றிவிட்டால் வேலை முடிந்ததல்லவா?

கல்யாணத்துக்கு முடிந்தது. 2010இல் டபிள்யூஎம்வி ஆகவும் 2013 முதல் எம்பி4 ஆகவும் எடுக்கலாம், 2007இல் முடியாது. பாடம் நடத்த வேண்டாம், பிள்ளை கை தூக்கும்போது வீடியோ நிற்காது.

பாலக்காடு: படம் திரையில், சத்தம் லேப்டாப்பில்.

ஸ்பீக்கர் குறியைத் தட்டி ஹெச்டிஎம்ஐ தேர்ந்தெடுங்கள்.

மூணாறு: பென்டிரைவில் பிபிடி மட்டும் காப்பி செய்தேன்...

ஃபோல்டர். ஃபோல்டர். மேலே இருக்கிறது.

சித்தூர் மாணவி: அண்ணா, ஃபோல்டர் பெயரை மாற்றிப் பார்த்தேன். வீடியோ ஓடுது, பாட்டு மட்டும் வரலை. அது வேறு ஃபோல்டரில் இருக்கு, அதன் பெயரையும் மாற்றியிருந்தேன்.

பார்த்தாயா, மாட்டிக்கொண்டது. பாட்டையும் ஃபோல்டருக்குள் போடு, ஸ்லைடில் பழையதை அழித்துவிட்டு அங்கிருந்து மறுபடி இன்செர்ட் செய். அப்புறம் இன்னொரு முறை பெயரை மாற்றிப் பார்.