விலை ஒப்பீட்டுத் தளங்களில் பணம் போடலாமா? கேள்வி பதில்

கேள்வி: சார், விலை ஒப்பிட்டுக் காட்டும் தளங்களுக்கு வருமானம் எப்படி? நாம் பத்துப் பைசா தருவதில்லையே?

பதில்: கடைக்காரர் தருகிறார். ஏதாவது ஒரு ஃபோனின் விலையைத் தட்டிப் பாருங்கள். கடைப் பக்கம் திறக்கும்முன் வேறொரு முகவரி கண்சிமிட்டும் நேரத்துக்கு வந்து போகும். திறந்த பக்கத்தின் முகவரியிலும் நீளமாக ஒரு வால் தொங்கும். ஆளை அனுப்பியது யார் என்ற அடையாளம் அது. சில தளங்களுக்குத் தட்டலுக்கு இவ்வளவு என்று காசு. சிலவற்றுக்கு விற்றால்தான் கமிஷன். ஆட்கள் எங்கிருந்து வருகிறார்கள், காசு யார் தருகிறார்கள் என்ற இரண்டையும் பார்க்காமல் பணம் போடாதீர்கள்.

கேள்வி: தொழில்நுட்பம் நன்றாக இருந்தால் போதாதா அண்ணா?

பதில்: போதாது. ஓட்டல் வாடகையை ஒப்பிடும் ஜெர்மனியின் டிரிவாகோ, 2016 டிசம்பரில் 11 டாலர் விலையில் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தைக்கு வந்தது. அடுத்த ஆண்டே 20 டாலரைத் தாண்டியது. ஆனால் வருமானத்தில் பெரும்பகுதி, ஓட்டல் அறைகளை விற்கும் புக்கிங், எக்ஸ்பீடியா என்ற இரண்டே குழுமங்கள் தருவது. 2017இல் புக்கிங் விளம்பரச் செலவைக் குறைத்தது, பங்கு சரிந்தது. தொழில்நுட்பம் அப்படியேதான் இருந்தது.

ஆட்கள் வரும் வழியும் அப்படித்தான். தேடல் முடிவுகளில் தன் ஷாப்பிங் பெட்டியை மேலே வைத்து மற்ற ஒப்பீட்டுத் தளங்களைக் கீழே தள்ளியதற்காக, கூகுளுக்கு ஐரோப்பிய ஆணையம் 2017இல் 242 கோடி யூரோ அபராதம் போட்டது. வழக்கு முடிய 2024 செப்டம்பர் ஆகிவிட்டது. அந்த ஏழு வருடமும் தள்ளப்பட்ட தளம் யாரை வைத்துச் சம்பளம் கொடுக்கும்?

கேள்வி: இன்ஷூரன்ஸ் பாலிசிகளை ஒப்பிடும் பாலிசிபஜார் பங்கு டார்கெட் என்ன?

பதில்: டார்கெட் சொல்வதில்லை.

கேள்வி: பிபி ஃபின்டெக் எவ்வளவு வரை போகும் சார்?

பதில்: பாலிசிபஜாரை நடத்தும் நிறுவனம்தான் அது. அதே கேள்வி, அதே பதில்.

கேள்வி: பாலிசிபஜாரை ஒப்பீட்டுத் தளம் என்பதே தப்பு. 2021இல் இன்ஷூரன்ஸ் விற்கும் புரோக்கர் உரிமம் வாங்கிவிட்டார்களே!

பதில்: சரியான இடத்தில் பிடித்தீர்கள். ஒப்பீடு வாசல், உள்ளே நடப்பது புரோக்கர் தொழில். 2021 நவம்பரில் 980 ரூபாய்க்கு வந்த பங்கு, ஒரு வருடத்தில் 400க்கும் கீழே போனது. பிறகு 2023-24இல்தான் முதல் முழு ஆண்டு லாபம், சுமார் 64 கோடி. ஃபோன் விற்றால் கமிஷன் ஒரு தடவை. பாலிசி விற்றால் புதுப்பிக்கும்போதெல்லாம் வரும்.

கேள்வி (அவரே): அப்படியானால் வெறும் ஒப்பீடு பிழைக்காது என்கிறீர்களா?

பதில்: அவ்வளவு தூரம் வரமாட்டேன். பிரிட்டனின் மணிசூப்பர்மார்க்கெட் 2007இல் லண்டன் சந்தைக்கு வந்தது, இன்னும் இருக்கிறது. அங்கே கார் இன்ஷூரன்ஸை வருடா வருடம் ஒப்பிட்டு மாற்றுவது பழக்கம். வந்தவர் மறுபடி வருகிறார்.

கேள்வி: டெலிகிராமில் ஒரு புது ஒப்பீட்டு ஆப்பின் பங்கு, மாதம் 5% உறுதி என்கிறார்கள்.

பதில்: போடாதீர்கள். போட்டிருந்தால் இன்றே சைபர் மோசடிப் புகார் எண் 1930க்குப் பேசுங்கள்.

கேள்வி: இக்சிகோ?

பதில்: 2007இல் பயணக் கட்டணங்களை ஒப்பிடத் தொடங்கியவர்கள், இப்போது ரயில் டிக்கெட்டைத் தாங்களே விற்கிறார்கள். 2024 ஜூனில் 93 ரூபாய்க்குச் சந்தைக்கு வந்தது. ஆண்டறிக்கையில் விளம்பர வருமானம் எவ்வளவு, டிக்கெட் வருமானம் எவ்வளவு என்று பிரித்துப் பாருங்கள். பார்த்துவிட்டு வாருங்கள், பேசுவோம்.