டிவி தேய்ந்துவிட்டது, கையில் பதினைந்தாயிரம்தான்: கேள்வி-பதில்

கேள்வி: அண்ணாச்சி, எங்கள் வீட்டில் இருப்பது 21 இன்ச் டியூப் டிவி, என் கல்யாணச் சீரில் வந்தது. இப்போது போட்டால் படம் தெளியப் பத்து நிமிஷம் ஆகிறது, தெளிந்தாலும் எல்லார் முகமும் சிவந்து கிடக்கிறது. மெக்கானிக் "பிக்சர் டியூப் வீக்" என்று கைவிரித்துவிட்டார். சீட்டு எடுத்தால் பதினைந்தாயிரம் வரும், அதற்கு மேல் ஒரு ரூபாய் கிடையாது. திருநெல்வேலி வண்ணாரப்பேட்டையில் ஒரு கடையில் அந்த விலைக்கே 43 இன்ச் 4கே ஸ்மார்ட் டிவி காட்டினார்கள், பேர் கேள்விப்படாத கம்பெனி. தெரிந்த கம்பெனி என்றால் 32 இன்ச்தான் வருமாம். வீட்டுக்காரர் பெரியதுதான் வேண்டும் என்று ஒரே பிடியாக நிற்கிறார். அத்தைக்குச் சத்தம் நன்றாகக் கேட்டால் போதும். பகலில் நானும் அத்தையும் தார்சாவில் உட்கார்ந்து பீடி சுற்றிக்கொண்டே பார்ப்போம், ராத்திரி பிள்ளைகள் பார்ப்பார்கள். அரசு கேபிள் கனெக்‌ஷன். எதை வாங்க? (வாசகி, முக்கூடல்)

பதில்: 32 இன்ச்சையே வாங்குங்கள் தங்கச்சி. காரணத்தை வீட்டுக்காரருக்கும் வாசித்துக் காட்டுங்கள், ஏனென்றால் அவர் ஆசைப்படுவதிலும் தப்பில்லை, கடையில் அந்த 43 இன்ச்சில் ஓடும் படத்தைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரத்தான் செய்யும்.

முதலில் மெக்கானிக் சொன்னது சரிதான். வீட்டு டிவிக்குப் புது டியூப் இப்போது கிடைக்காது, போட்டாலும் இன்னொரு வீட்டில் ஓடித் தேய்ந்த பழையதைத்தான் எடுத்துப் போடுவார்கள். அதில் காசைக் கொட்ட வேண்டாம்.

அடுத்து, டிவிக்குப் பின்னால் கேபிள் பெட்டியிலிருந்து வரும் ஒயரைப் பாருங்கள். மஞ்சள், சிவப்பு, வெள்ளை என்று மூன்று பின் இருந்தால் உங்களுக்கு வருவது சாதாரண எஸ்டி படம். ஒரு படத்தில் 720-க்கு 576, அதாவது நாலு லட்சத்துச் சொச்சம் புள்ளிகள். 4கே டிவியின் திரையில் 3840-க்கு 2160, கிட்டத்தட்ட 83 லட்சம் புள்ளிகள். ஆக வருகிற ஒவ்வொரு புள்ளியையும் வைத்து அந்த டிவி இருபது புள்ளிகளை நிரப்பியாக வேண்டும். இல்லாததை அது எங்கே போய் எடுக்கும்? முகத்தில் மாவு அப்பியது போல இருக்கும், கீழே ஓடும் செய்தி எழுத்துகள் கரைந்து தெரியும், திரை பெரிதாக ஆக அந்தக் குறையும் பெரிதாகும். 32 இன்ச் எச்டி ரெடி திரையில் இருப்பது 1366-க்கு 768, ஒன்றை இரண்டரையாக இழுத்தால் போதும், அதே கேபிள் படம் அதில் பார்க்கும்படி இருக்கும். கடையில் ஓடியது கேபிளே கிடையாது, 4கே-யில் எடுத்த அருவியையும் மீனையும் பென்டிரைவில் போட்டு, வெளிச்சத்தையும் வண்ணத்தையும் உச்சத்தில் வைத்து ஓட்டியிருப்பார்கள். "ஒரு கேபிள் பெட்டியை மாட்டி சீரியல் சானல் ஒன்று போடுங்க" என்று கேளுங்கள், வீட்டுக்காரர் மனசு அங்கேயே பாதி மாறிவிடும். எந்த டிவி வாங்கினாலும் கேபிள்காரரிடம் எச்டி பெட்டி உண்டா என்று கேட்டு, படமும் சத்தமும் ஒரே ஒயரில் வரும் எச்டிஎம்ஐ ஒயரில் இணையுங்கள். அதில் தெரியும் வித்தியாசம், டிவிக்குக் கூடுதலாக நாலாயிரம் போட்டாலும் கிடைக்காது.

அப்புறம், நீங்கள் தரையில் உட்கார்ந்து, மடியில் சுளகை வைத்துக்கொண்டு, பாதி நேரம் ஓரக்கண்ணால் பார்ப்பவர்கள். இதைக் கடைக்காரர் கேட்க மாட்டார், நீங்கள்தான் சொல்ல வேண்டும். எல்இடி டிவிகளில் சில பேனல்கள், அதாவது படம் தெரியும் திரைத் தகடுகள், நேராகப் பார்த்தால் கறுப்பு நல்ல கறுப்பாகத் தெரியும், பக்கவாட்டிலோ கீழிருந்தோ பார்த்தால் வெளிறிப்போகும். அவை விஏ வகை. ஐபிஎஸ் வகையில் கறுப்பு கொஞ்சம் சாம்பலாக இருக்கும், ஆனால் எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் வண்ணம் அவ்வளவாக மாறாது. உங்கள் வீட்டுக்கு இரண்டாவதுதான் தோது. விற்பனை செய்கிற பையனுக்கு இந்தப் பேரெல்லாம் தெரிந்திருக்கும் என்று சொல்ல முடியாது, அதனால் நீங்களே டிவிக்கு ஒரு பக்கமாகத் தள்ளி நின்று, குனிந்து, கீழிருந்து பாருங்கள். யாராவது சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும், காசு உங்களுடையது.

மாட்ட வருகிறவர் நிலைப்படி உயரத்துக்கு ஆணி அடிக்கப் பார்ப்பார், விடாதீர்கள். தரையில் உட்கார்ந்தால் கண் இரண்டரை, மூன்று அடி உயரத்தில்தான் இருக்கும், நாள் முழுக்க அண்ணாந்து பார்த்தால் கழுத்து போய்விடும், ஏற்கெனவே பீடிக்குக் குனிந்து குனிந்து என்ன பாடு என்று உங்களுக்கே தெரியும். பழைய சுண்ணாம்புச் சுவர் என்றால் பிளக் நிற்பதும் சந்தேகம். மேஜையில் வைப்பதே மேல். ஆனால் இந்த டிவிகளுக்குக் கால் இரண்டும் ஓரத்தில் இருக்கும், டியூப் டிவி ஸ்டாண்டில் அப்படியே உட்காராமல் போகலாம். ஸ்டாண்டின் அகலத்தை அளந்துகொண்டு கடைக்குப் போங்கள்.

அத்தை விஷயத்தில் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். டியூப் டிவியில் ஸ்பீக்கர் பெரும்பாலும் முகத்துக்கு நேரே இருக்கும், இந்த ஒல்லி டிவிகளில் அடியிலோ முதுகிலோ இருக்கும், வால்யூம் ஏற்றினாலும் பேச்சு தெளிவாக இருக்காது. வாட்ஸ் எத்தனை என்பதை விட, கடையில் ஒரு செய்தி சானலைப் போட்டுப் பத்தடி தள்ளி நின்று வார்த்தை புரிகிறதா என்று பாருங்கள். ஹெட்போன் அவுட்டோ எச்டிஎம்ஐ ஏஆர்சியோ (டிவியின் சத்தத்தை வெளி ஸ்பீக்கருக்கு அனுப்பும் வழிகள்) இருக்கிற டிவியாக எடுத்தால் பிற்பாடு சவுண்ட்பார் என்னும் சின்ன நீள ஸ்பீக்கர் ஒன்று சேர்த்துக்கொள்ளலாம்.

ஸ்மார்ட் வசதிக்கென்று கூடுதல் காசு தர வேண்டாம். இந்த விலையில் வருவதில் பல 1 ஜிபி ராம்தான், இரண்டு மூன்று வருஷத்தில் திணற ஆரம்பிக்கும். அப்போது மூவாயிரம், நாலாயிரத்துக்கு, ஸ்மார்ட் வசதி தரும் ஸ்டிக் ஒன்று வாங்கி டிவியில் செருகினால் அதே டிவி மறுபடி ஓடும். அதற்காகவே டிவியில் எச்டிஎம்ஐ செருகும் இடம் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும், ஒன்று பெட்டிக்கு, ஒன்று ஸ்டிக்குக்கு.

பேர் தெரியாத கம்பெனி எல்லாமே மோசம் என்று நான் சொல்லவில்லை. ரிப்பேர் என்றால் யார் வருவார் என்பதுதான் கேள்வி. பில் போடும் முன்பே கம்பெனியின் கஸ்டமர் கேர் எண்ணுக்குப் போன் போட்டு உங்கள் பின்கோடைச் சொல்லி, வீட்டுக்கு ஆள் வருமா, எந்த ஊரிலிருந்து வரும் என்று கேளுங்கள். பாளையங்கோட்டையிலிருந்து வந்தால் சரி. டிவியை மதுரைக்கு அனுப்ப வேண்டும் என்றால் அந்த விலைக்குறைவு உங்களுக்கு எதற்கு?

விலை பேசும்போது ஒரு வார்த்தை காதில் விழலாம்: "ஜிஎஸ்டி குறைஞ்சிருக்கு, அதான் இந்த விலை." 2025 செப்டம்பர் 22 முதல் 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது 32 இன்ச்சுக்கு மேற்பட்ட டிவிகளுக்குத்தான். 32 இன்ச் வரை 2019 ஜனவரியிலிருந்தே 18 சதவீதம். அதனால் 32 இன்ச்சுக்கு அந்தக் கதையைச் சொன்னால் சிரித்துக்கொண்டே இன்னும் ஐநூறு குறைக்கச் சொல்லுங்கள். பெட்டியின் மேல் தயாரித்த மாதம், வருஷம் அச்சிட்டிருக்கும், ரொம்பப் பழையது என்றால் வேறு பெட்டி கேளுங்கள். பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) முத்திரைக்குக் கீழே ஆர் என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும் எண் இருக்கும், அதை பிஐஎஸ் கேர் ஆப்பில் போட்டால் பதிவு உண்மையா என்று தெரிந்துவிடும். பில்லில் சீரியல் நம்பர் ஏற வேண்டும்.

கரண்டைப் பற்றிக் கவலை வேண்டாம். 32 இன்ச் எல்இடி சுமார் 50 வாட்ஸ் இழுக்கும், தினம் ஆறு மணி நேரம் ஓடினாலும் இரண்டு மாத பில்லில் 18 யூனிட்தான்.

கேள்வி: அஞ்சு வருஷமான 40 இன்ச் எல்இடி டிவி. சத்தம் வருகிறது, படம் இல்லை. சர்வீஸ்காரர் "புதுசு வாங்கிடுங்க" என்கிறார். வாங்கத்தான் வேண்டுமா? (பாளையங்கோட்டை)

பதில்: அவசரப்படாதீர்கள். ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு டிவியைப் போட்டு, செல்போன் டார்ச்சைத் திரைக்குப் பக்கத்தில் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். மங்கலாகப் படம் அசைவது தெரிந்தால் பேனல் நன்றாகத்தான் இருக்கிறது, பின்னால் வெளிச்சம் தரும் எல்இடி பட்டை போயிருக்கிறது, அல்லது அதற்குக் கரண்ட் கொடுக்கும் பகுதி. பேனல் விலையோடு பார்த்தால் பட்டை மாற்றுவது சில்லறைச் செலவு. ஒரு பல்பு போனாலும் செட்டாக மாற்றச் சொல்லுங்கள், ஒன்றை மட்டும் மாற்றினால் மீதியும் வரிசையாகப் போகும். மாற்றிய பின் டிவி செட்டிங்கில் பேக்லைட் (அந்தப் பின்வெளிச்சம்) அளவை அறுபது, எழுபதில் வையுங்கள். நூறிலேயே ஓட்டுவதால்தான் பட்டை சூடேறிச் சீக்கிரம் போகிறது.

டார்ச் அடித்தும் ஒன்றும் தெரியவில்லை என்றால் போர்டு போயிருக்கலாம், அதையும் விலை கேட்டுப் பார்க்கலாம். திரையில் நெடுக்குக் கோடு, விரிசல், மை சிந்திய மாதிரிக் கறை என்றால் அது பேனல், விட்டுவிடுங்கள். புது டிவி விலையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ரிப்பேருக்குக் கேட்டால் நான் கொடுக்க மாட்டேன்.

கேள்வி: வட்டியில்லாத் தவணை என்கிறார்களே, உண்மையிலேயே வட்டி இல்லையா அண்ணாச்சி? (மேலப்பாளையம்)

பதில்: யாரும் சும்மா கடன் கொடுப்பதில்லை. ரிசர்வ் வங்கியே 2013-ல் இந்த ஜீரோ சதவீத வட்டித் திட்டங்களை ஏற்க முடியாது என்று வங்கிகளுக்குச் சொன்னது. பேரை மாற்றிக்கொண்டு இன்றும் நடக்கிறது. கடையில் "மொத்தமா கையில காசு கொடுத்தா என்ன விலை?" என்று முதலில் கேளுங்கள், தவணைப் பேச்சை அதற்குப் பிறகு எடுங்கள். உதாரணத்துக்கு ரொக்க விலை 14,000, தவணையில் 15,000 என்று வைப்போம், மாதம் 1,500 வீதம் பத்து மாதம், முதலிலேயே பிராசசிங் கட்டணம் 500. அதாவது 14,000 ரூபாய்ப் பொருளுக்கு நீங்கள் கட்டுவது 15,500. மாதாமாதம் அசல் குறைந்துகொண்டே வருகிறது என்பதையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட ரெண்டு வட்டி, அதாவது மாதம் நூற்றுக்கு ரெண்டு ரூபாய். நம் ஊரில் ரெண்டு வட்டிக்குக் கடன் வாங்கி டிவி வாங்குகிறேன் என்றால் வீட்டில் விடுவார்களா? கூடவே காப்பீடு, கார்டு கட்டணம் என்று எதையாவது சேர்த்திருப்பார்கள், கையெழுத்துக்கு முன் வாசியுங்கள். ஒரு மாதம் கணக்கில் பணம் இல்லாமல் பவுன்ஸ் ஆனால் அதற்குத் தனி அபராதம்.

கேள்வி: இடி மின்னலில் பக்கத்து வீட்டு டிவி போய்விட்டது. ஸ்டெபிலைசர் வாங்கினால் தப்பிக்கலாமா? (கடையம்)

பதில்: முடியாது. இப்போதைய எல்இடி டிவிகளில் பெரும்பாலானவை 100 முதல் 240 வோல்ட் வரை தாங்கும், ஏற்ற இறக்கத்துக்கு ஸ்டெபிலைசர் தேவையில்லை. மின்னல் வேறு விஷயம். அது கரண்ட் ஒயரில் மட்டும் வருவதில்லை, கேபிள் ஒயரிலும் மாடியில் இருக்கும் டிஷ் ஒயரிலும் இறங்கி, எச்டிஎம்ஐ வழியாக டிவி போர்டை அடிக்கும். சுவிட்சை அணைத்தால் போதாது, பிளக்கையும் பிடுங்க வேண்டும், கேபிள் ஒயரையும் கழற்ற வேண்டும், இடி தலைக்கு மேல் வரும் முன்பே. ஐப்பசி, கார்த்திகையில் வெளியூர் போனால் இரண்டையும் கழற்றிவிட்டுப் போங்கள். வீட்டில் எர்த் சரியாக இருந்தால் நல்ல ஸ்பைக் கார்டு கொஞ்சம் உதவும், எர்த் இல்லாத வீட்டில் அது வெறும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்தான். வாரன்டியில் மின்னல் சேதம் பொதுவாகச் சேராது.

கேள்வி: ஆன்லைனில் இரண்டாயிரம் குறைவாக இருக்கிறது. உடைந்து வந்தால் என்ன செய்ய? (வள்ளியூர்)

பதில்: ஓப்பன் பாக்ஸ் டெலிவரி உண்டா என்று ஆர்டர் போடும் முன் பாருங்கள், வந்தவர் முன்னாலேயே பெட்டியைத் திறந்து திரையைப் பார்த்த பிறகுதான் ஓடிபி சொல்ல வேண்டும். அது இல்லையென்றால், பெட்டியின் நாலு பக்கமும் தெரிய, வெட்டுவதிலிருந்து டிவி ஓடுவது வரை வீடியோ எடுங்கள். சில கம்பெனிகள் தங்கள் ஆள் வந்துதான் திறக்க வேண்டும் என்பார்கள், அப்போது அவர் திறப்பதை எடுங்கள். மாற்றித் தரும் கெடு சில நாள்தான், அதனால் ஊரில் இல்லாத நேரத்தில் ஆர்டர் போடாதீர்கள். மாற்றித் தர மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் முடியவில்லை என்றால் திருநெல்வேலி மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம், கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும் சரி. பொருளின் விலை 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை, இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும்.

கேள்வி: 2006-ல் தொடங்கிய திட்டத்தில் கிடைத்த 14 இன்ச் இலவச கலர் டிவி இன்னும் பரணில் கிடக்கிறது. ஆச்சி தூக்கிப் போட விடமாட்டேன் என்கிறார். எக்ஸ்சேஞ்சில் எவ்வளவு கிடைக்கும்? (சேரன்மகாதேவி)

பதில்: சில நூறு ரூபாய் தருவதாகச் சொல்வார்கள். பல இடங்களில் அது எக்ஸ்சேஞ்ச் என்று பேர் வைத்த தள்ளுபடிதான், பழைய டிவி இல்லாமல் பேசினாலும் அதே குறைப்பு கிடைக்கும், கேட்டுப் பாருங்கள். ஓடுகிற டிவி என்றால் ஆச்சி அறையில் கேபிள் பெட்டியோடு வைத்துவிடுங்கள், சின்னத் திரைக்கு அந்த எஸ்டி படம் கச்சிதமாக இருக்கும், ஹாலில் சண்டையும் மிச்சம். ஓடவில்லை என்றால் செம்புக் கம்பிக்காகப் பிள்ளைகளை உடைக்க விடாதீர்கள். டியூப் கண்ணாடியில் ஈயம் உண்டு, உள்ளே காற்றில்லாத வெற்றிடம் என்பதால் உடைந்தால் சில்லு முகத்தில் தெறிக்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே ஷாக் அடிக்கும் அளவுக்குக் கரண்ட் நிற்கும். புது டிவி எடுக்கும் கடையிலேயே பழையதை எடுத்துக்கொள்வார்களா என்று பில் போடும் முன் பேசிவிடுங்கள், பில் போட்ட பிறகு கேட்டால் வண்டி வாடகை கேட்பார்கள்.