எல்லா வண்டிக்கும் பொருந்துமாம்!

கேள்வி: பழைய காருக்குப் பிரேக் பைப் மாற்ற "யுனிவர்சல்" என்று போட்ட செட் வாங்கினேன். நட் இரண்டு சுற்று ஏறி நின்றுவிடுகிறது. "அழுத்தித் திருகுங்கள், போகும்" என்கிறார் கடைக்காரர். திருப்பித் தர முடியாதாம்.

பதில்: அழுத்தித் திருகாதீர்கள். திருகினால், பெடலை மிதிக்கும்போது பிரேக் ஆயிலைத் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டரின் மரையும் போய்விடும், அப்புறம் அதற்கும் சேர்த்து அழ வேண்டும். உங்கள் மேல் தப்பில்லை, அந்த அட்டைமேல்தான். பிரேக் நட்டில் அதிகம் புழங்குவது இரண்டு மரை. ஒன்று 10 மி.மீ., மரைக்கு மரை 1 மி.மீ. இடைவெளி. இன்னொன்று 3/8 அங்குலம், ஒரு அங்குலத்துக்கு 24 மரை. 3/8 அங்குலம் என்றால் 9.525 மி.மீ. பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். உங்களுடையது ஏறாமல் நின்றது; அதுவாவது நல்லது. சின்ன நட் பெரிய துளையில் லொடலொட என்று ஏறி, இறுகியதுபோல நடிக்கும். ஒருநாள் பெடலை ஓங்கி மிதிக்கும்போது பிடுங்கிக்கொண்டு வரும். குழாய் நுனியிலும் இதே கதை: சில வண்டிகளுக்கு நுனியை இரட்டையாக மடித்து விரிக்க வேண்டும், சிலவற்றுக்குக் குமிழ்போல. ஒன்று உட்காரும் இடத்தில் மற்றது உட்காராது, ஒழுகும். இவ்வளவு வித்தியாசம் இருக்க, மரை அளவைக்கூட அச்சிடாமல் "எல்லா வண்டிக்கும் பொருந்தும்" என்று எழுத எப்படி மனம் வருகிறதோ! அட்டையில் எழுதியதுதான் உங்கள் சாட்சி. பழைய நட்டையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் படம் எடுங்கள், பணத்தை எழுத்தில் கேளுங்கள். அடுத்த முறை பழைய நட்டைக் கையோடு கொண்டுபோங்கள்.

கேள்வி: ஸ்டீல் பைப்பா, செம்புப் பைப்பா?

பதில்: செம்பு–நிக்கல் கலவை. ஏறக்குறைய 90 பங்கு செம்பு, 10 பங்கு நிக்கல். துருப்பிடிக்காது, சுலபமாக வளையும். ஸ்டீல் மோசமில்லை, ஆனால் துரு திரும்பி வரும். சுத்தச் செம்பு அதிர்வில் இறுகி வெடிப்பு விடும். கலவை என்று சொல்லி அதைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள். செக்கச் செவேல் என்று இருந்தால் சந்தேகப்படுங்கள்.

கேள்வி: மூன்று வருடம் முன் திறந்த பிரேக் ஆயில் பாதி டப்பா இருக்கிறது. ஊற்றலாமா?

பதில்: கூடாது, காற்றிலிருந்து ஈரத்தைக் குடித்திருக்கும்.

கேள்வி: குழாய் நுனியை விரிக்கும் கருவி, மலிவானதே போதுமா?

பதில்: போதும் என்றுதான் நானும் வாங்கினேன். பிடி நழுவியது, நுனி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. வெட்டினேன், மறுபடி சாய்ந்தது. ஆறாவது தடவை குழாயே நீளம் போதவில்லை! கருவி இப்போது கதவுக்கு முட்டுக்கொடுத்துக்கொண்டிருக்கிறது. வைஸில் பிடிக்கிற நல்ல கருவியை யாரிடமாவது இரவல் வாங்குங்கள். இல்லையென்றால் பழைய பைப்பை மாதிரிக்குக் கொடுத்து, நுனி விரித்தே செய்து வாங்குங்கள். காசு மிச்சம் பிடிக்க வேண்டுமானால், பிரேக் நட்டுக்கான ஸ்பேனரில் மட்டும் பிடிக்காதீர்கள். சாதா ஸ்பேனர் துருப்பிடித்த நட்டின் முனையை மழித்துவிடும். மாட்டி, பைப்புக்குள் புகுந்த காற்றை வெளியே எடுத்த பிறகு, எஞ்சினை ஓடவிட்டுப் பெடலை நன்றாக மிதித்துப் பிடியுங்கள். வேறொருவர் ஒவ்வொரு இணைப்பிலும் ஈரம் இருக்கிறதா என்று பார்க்கட்டும்.

கேள்வி: ஒழுகிய இடத்தை வெட்டி, தண்ணீர்க் குழாய்க்குப் போடும் இணைப்பை மாட்டினேன். மூன்று நாள் ஓட்டிவிட்டேன், ஒன்றும் ஆகவில்லை. புதுப் பைப்புக்கு வீணாகச் செலவு செய்யணுமா?

பதில்: மூன்று நாள் தப்பித்தீர்கள், அவ்வளவுதான். தண்ணீர்க் குழாயில் இருப்பது சில பார் அழுத்தம். அவசரமாக மிதித்தால் பிரேக் பைப்பில் 100 பார்கூட வரும். எதிரே வருகிறவர் உங்கள் சிக்கனத்துக்கு என்ன பாவம் செய்தார்? சாவியை வீட்டில் யாரிடமாவது கொடுத்து வையுங்கள். புதுப் பைப் மாட்டிய பிறகு கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.