நேர்த்தி வைத்து நிறுத்திய குடி

கேள்வி: முள்ளிவாய்க்காலுக்குப் பிறகுதான் என்ர அண்ணர் கசிப்புக் குடிக்கத் தொடங்கினவர். இப்ப விடிஞ்சால் பொழுதுபட்டால் அதுதான். வற்றாப்பளை அம்மனுக்கு நேர்ந்து ஒரேயடியாய் விட்டவர். மூண்டாம் நாள் கை நடுங்கி, வேர்த்து, சுவரில பூச்சி ஊருது எண்டு கத்தத் தொடங்கிட்டார். அண்ணி பயந்துபோய்க் கொஞ்சம் வாங்கிக் குடுக்க அடங்கிட்டார். அம்மன்ர சோதனை எண்டு சிலர், வைராக்கியம் இல்லாதவன் எண்டு சிலர். எது சரி?
- ஒரு தங்கை, புதுக்குடியிருப்பு

பதில்: இரண்டுமே பிழை, தங்கச்சி. மூன்று நாள் குடிக்காமல் நின்றாரே, அதற்கு மேல் என்ன வைராக்கியம் வேண்டும்? பழிக்கிறவர்களில் எத்தனை பேர் செத்தவீட்டில் அவருக்குப் போத்தல் நீட்டியவர்கள் என்று ஒருக்கால் எண்ணிப் பாருங்கள்.

அவருக்கு வந்தது மருத்துவ அவசரம். மது மூளையின் வேகத்தை அடக்கும். பிரேக்கை மிதித்தபடியே லாண்ட்மாஸ்டர் உழவு மெஷின் ஓட்டுகிறவன் முறுக்கைக் கூட்டுவதுபோல, வருடக்கணக்காக அடக்கப்பட்ட மூளையும் தன் வேகத்தைக் கூட்டி வைத்திருக்கும். பிரேக்கைத் திடீரென எடுத்தால் என்ன நடக்கும்? நிறுத்திய சில மணித்தியாலங்களில் நடுக்கமும் வியர்வையும். முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். 48 முதல் 72 மணித்தியாலங்களில் சிலருக்குப் புத்தி தடுமாறும், இல்லாதது கண்ணில் தெரியும். அண்ணரின் மூன்றாம் நாள் இதுதான். வைத்தியம் செய்யாமல் விட்டால் உயிரே போகலாம்.

அண்ணியைக் குறைசொல்ல மாட்டேன். ஆனால் கசிப்பு மருந்தாக வேலை செய்ததென்று நம்பிவிடாதீர்கள். எடுத்த பிரேக்கைத் திரும்பப் போட்டிருக்கிறீர்கள், அவ்வளவுதான். இப்படி விடுவதும் தொடங்குவதுமாக இருந்தால், ஒவ்வொரு முறையும் நடுக்கமும் வலிப்பும் கடுமையாகக்கூடும். வருசா வருசம் அம்மன் பொங்கலுக்கு நேர்ந்து, வருசா வருசம் முறிப்பது அம்மனுக்குக் குற்றமோ தெரியாது, மூளைக்குக் கேடு.

ஆகவே நிறுத்தும் முன்னரே முல்லைத்தீவு மாஞ்சோலை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். ஒரு நாளைக்கு எவ்வளவு, கடைசியாக எப்போது என்று வெட்கப்படாமல் சொல்லுங்கள். நடுக்கத்தை அடக்கும் மாத்திரையைக் கொடுத்து, நாளுக்கு நாள் குறைத்து நிறுத்துவார்கள். வைட்டமின் பி1உம் கொடுப்பார்கள். நெடுநாள் குடிப்பவர் உடம்பில் அது வற்றிப்போயிருக்கும். அதைக் கொடுக்காமல் குளுக்கோஸ் சேலைனை மட்டும் ஏற்றினால் மூளை நிரந்தரமாகப் பழுதாகலாம். 'ஒரு சேலைன் ஏத்தினால் தெளிஞ்சிடும்' என்பவர்களிடம் கவனம். நித்திரை வராமல்தான் குடிக்கத் தொடங்கினாரென்றால் அதையும் வைத்தியரிடம் மறைக்காதீர்கள். குடி முன்னிரவில் தூங்கவைத்துப் பின்னிரவில் எழுப்பிவிடும். போரின் நினைவுகளுக்கு வேறு வைத்தியம் இருக்கிறது. 1926 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு எடுத்தால் மனநல ஆலோசனையும் கிடைக்கும்.

வலிப்போ பிதற்றலோ கண்டால் 1990க்கு அடியுங்கள், அம்புலன்ஸ் வரும், காசில்லை. கசிப்புக் குடித்தபின் கண் மங்குகிறது என்றாலும் அப்படியே. அதில் மெதனோல் என்ற நச்சுச் சாராயம் கலந்திருந்தால் பார்வையும் போகும், ஆளும் போகும்.

கடைசியாக ஒன்று. அவருக்குத் தெரியாமல் தேத்தண்ணியில் கலந்து கொடுக்கச் சொல்லி விற்கிற மருந்துகளை வாங்காதீர்கள். குடித்தால் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் செய்கிற டைசல்பிராம் என்றொரு மாத்திரை அவற்றில் இருக்கலாம். அதைப் போட்டது தெரியாமல் ஒருவர் குடித்தால் இரத்த அழுத்தம் விழுந்து இதயமே நின்றுபோகலாம். ஆளின் சம்மதத்தோடு வைத்தியர் கொடுக்க வேண்டிய மருந்து அது. அண்ணி ஏற்கெனவே ஏதும் வாங்கி வைத்திருந்தால், ஆஸ்பத்திரிக்குப் போகும்போது அந்தப் பைக்கற்றையும் கையோடு எடுத்துப் போங்கள்.