புத்தகத்தில் ஒரு எஞ்சின், பொனட்டுக்குள் இன்னொன்று

கேள்வி: வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியில் வசிக்கிறேன். 1992ஆம் ஆண்டு டொயோட்டா ஸ்டார்லட் (ஈபி82) ஒன்றை ஓபன் பேப்பரில் வாங்கி, கீழே வாகனத் தரிப்பிடத்தில் வைத்து வார இறுதிகளில் நானே கழற்றிப் பூட்டி வருகிறேன். பஞ்சிகாவத்தையில் ஒரு வியாபாரியிடம் 4ஈ-எஃப்டிஈ டர்போ எஞ்சின் வாங்கினேன். “அப்படியே பூட்டி ஓடலாம்” என்றார். பில் இல்லை, துண்டுக் கடதாசி ஒன்றில் தொகையும் கையெழுத்தும் மட்டும். திறந்து பார்த்தால் சிலிண்டர் ஹெட்டில் வெடிப்பு. ரீபோர் செய்ய, அதாவது தேய்ந்த சிலிண்டரைக் குடைந்து பெருப்பிக்கக் கொடுத்த லேத்காரர், நான் கொடுத்த பிஸ்டனை அளந்து பாராமல் கூடுதலாகக் குடைந்துவிட்டார். மிச்சக் காசு தந்தால்தான் பிளாக் தருவாராம். வாகனப் பதிவுப் புத்தகம் இன்னும் பழைய உரிமையாளர் பெயரில் இருக்கிறது. அவர் இப்போது கனடாவில். விபத்தான ஜீடி (ஸ்டார்லட்டின் டர்போ வகை) ஒன்றின் உடலை வாங்கி என் சேசிஸ் நம்பரை வெட்டி அதில் ஒட்டிவிட்டால் வேலை சுலபம் என்கிறார் ஒரு நண்பர். மேல்மாடிக்காரர் வேறு சத்தம் என்று முறையிட்டிருக்கிறார். எங்கிருந்து தொடங்குவது?

பதில்: உங்கள் நண்பர் சொன்னதை முதலில் முடித்துவிடுகிறேன். கடிதத்தில் உள்ள மற்ற எல்லாச் சிக்கலுக்கும் ஏதோ ஒரு பரிகாரம் உண்டு. இதற்கு இல்லை.

சட்டத்தின் கண்ணில் கார் என்பது சேசிஸ் நம்பர்தான். கதவு, பொனட், சீட், கியர்பொக்ஸ் எதை மாற்றினாலும் அது அதே கார். அந்த நம்பரை வெட்டி இன்னோர் உடலில் ஒட்டினால், பதிவில்லாத ஒரு வாகனத்துக்குப் பொய்யான அடையாளம் கொடுக்கிறீர்கள். இறக்குமதித் தீர்வை கட்டாத வாகனங்களைத் தெருவில் இறக்குவதற்கு இந்த நாட்டில் பல காலமாக நடக்கும் மோசடியும் இதே வழிதான். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் வழி திறந்தது. நடுவில் பழைய கார்களின் விலை ஏறியபோது இந்த வேலைக்கும் கிராக்கி கூடியது. அதைப் பிடிக்கிறவர்களின் கவனமும் கூடியது. பொலிஸுக்குச் சந்தேகம் வந்தால் வாகனம் அரச பகுப்பாய்வாளர் திணைக்களத்துக்குப் போகும். அராவி எடுத்த எண்ணையும் ரசாயனம் பூசி வெளியே கொண்டுவருவார்கள். அப்புறம் தண்டனைச் சட்டக்கோவை ஒரு பக்கம், சுங்கக் கட்டளைச் சட்டத்தின் கீழ் பறிமுதல் மறுபக்கம். விளையாட்டுக்குச் செய்தேன் என்ற வாதம் நீதவான் முன் எடுபடாது. உங்கள் காரின் உடலில் துரு இருந்தால் துருவை வெட்டித் தகடு வையுங்கள். நம்பர் உள்ள இடத்தைக் கிரைண்டர் தொடக்கூடாது.

சரி, இனி ஓபன் பேப்பர். விற்றவர் எம்டிஏ 6, எம்டிஏ 8 என்ற உரிமை மாற்றப் படிவங்களில் கையெழுத்துப் போட்டு, வாங்குபவர் பெயரையும் திகதியையும் வெறுமையாக விட்டுக் கொடுப்பதைத்தான் அப்படிச் சொல்கிறோம். கைமாற்றுச் செலவை மிச்சம் பிடிக்க இடைத்தரகர்கள் வளர்த்த பழக்கம். மோட்டார் போக்குவரத்துச் சட்டம் (1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கம்) கைமாறிய 14 நாட்களுக்குள் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டும் என்கிறது. நீங்கள் காசு கொடுத்துக் காரைக் கையில் எடுத்துவிட்டதால் உங்களுக்கு உரிமையே இல்லை என்று சொல்ல மாட்டேன். புத்தகத்தில் உள்ள பெயர் உரிமைக்கு முடிந்த முடிவான சான்று அல்ல. ஆனால் நடைமுறையில் அந்தப் பெயர்தான் பேசும். பொலிஸ் காரை எடுத்து வைத்தால் நீதிமன்றத்தில் விடுவித்துத் தரக் கேட்கும்போது பதிவு உரிமையாளர் எங்கே என்பார்கள். எஞ்சின் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டியவரும் அவரே. அவர் பக்கமும் நிம்மதி இல்லை: நீங்கள் காலி வீதியில் யாரையாவது மோதினால் வழக்குக் கடிதம் கனடாவில் இருப்பவரைத் தேடிப் போகும். இதை அவரிடம் சொல்லிப் பாருங்கள். உதவி கேட்பதைவிட இது விரைவாக வேலை செய்யும்.

உங்களிடம் உள்ள படிவங்களை எடுத்துப் பாருங்கள். கையெழுத்து தெளிவாக இருக்கிறதா? அடையாள அட்டைப் பிரதி கூட இருக்கிறதா? இருந்தால் தாமதத்துக்கான தண்டத்தைக் கட்டி உடனே கைமாற்றுங்கள். குறை இருந்தால், ஒட்டாவாவில் உள்ள இலங்கை உயர்ஸ்தானிகராலயத்திலோ டொரொண்டோ துணைத்தூதரகத்திலோ அவர் அற்றோணித் தத்துவம் ஒன்றை ஒப்பமிட்டு இங்குள்ள யாராவது ஒருவருக்குக் கொடுக்கட்டும். இங்கு அதைப் பதிவு செய்த பிறகு அந்த அற்றோணி கையெழுத்துப் போடலாம். இன்னொன்று: புத்தகத்தில் ‘முழு உரிமையாளர்’ என்ற இடத்தில் ஏதாவது நிதிக் கம்பனியின் பெயர் இருக்கிறதா? தொண்ணூறுகளின் கார்களில் கடன் எப்போதோ முடிந்திருக்கும், பெயரை மட்டும் யாரும் நீக்கியிருக்க மாட்டார்கள். அப்படியிருந்தால் அந்தக் கம்பனியின் விடுவிப்புக் கடிதம் இல்லாமல் ஒன்றும் நகராது. எஞ்சினில் இன்னும் காசு போடுவதற்கு முன் இதைப் பார்த்துவிடுங்கள்.

எஞ்சினைப் பற்றி. உங்கள் கார் ஜீடி அல்லாத 4ஈ-எஃப்ஈ வகை என்று வைத்துக்கொள்கிறேன். அதுவும் 1,331 சிசி, டர்போவும் 1,331 சிசி. “கொள்ளளவு ஒன்றுதானே, யாருக்குத் தெரியப்போகிறது” என்று கராஜில் சொல்வார்கள். புத்தகத்தில் கொள்ளளவு மட்டுமா இருக்கிறது? எஞ்சின் இலக்கமும் இருக்கிறதே. அது மாறியதும் புத்தகம் பொய் சொல்லத் தொடங்கிவிடுகிறது. திணைக்களத்துக்கு விண்ணப்பித்து, வாகனப் பரிசோதகர் பார்த்து, பதிவைத் திருத்தவேண்டும். அங்கே கேட்கும் கேள்விகளில் முக்கியமானது ஒன்றுதான்: இந்த எஞ்சின் எங்கிருந்து வந்தது? இறக்குமதியானது என்றால் சுங்கப் பத்திரத்தின் பிரதியும் விற்றவரின் பில்லும் வேண்டும். உள்நாட்டில் வேறொரு காரிலிருந்து கழற்றியது என்றால் அந்தக் காரின் கதையும் வேண்டும். எஞ்சின் இலக்கம் அராவப்பட்டிருந்தால், வெடித்த ஹெட்டோடு சேர்த்து முழு எஞ்சினையும் திருப்பிக் கொடுத்துக் காசை வாங்கிக்கொண்டு வாருங்கள். அதை வைத்திருப்பதே வில்லங்கம்.

(ரீபோர் செய்தால் கொள்ளளவு மாறுமே, அதையும் அறிவிக்க வேண்டுமா என்று அடுத்த கடிதம் வரும் என்பதால்: 74 மில்லிமீற்றர் சிலிண்டரை அரை மில்லிமீற்றர் பெருப்பித்தால் கிட்டத்தட்ட 1,350 சிசி வரும். அது தேய்மானத்துக்குச் செய்யும் பழுதுபார்ப்பு. அதற்காக நாரஹேன்பிட்டியில் மோட்டார் போக்குவரத்துத் திணைக்கள வரிசையில் நிற்கச் சொல்ல மாட்டேன்.)

எஞ்சின் எங்கிருந்து வந்தது என்று கேட்பார்கள் என்பதால்தான் சொல்கிறேன், வியாபாரியிடம் ஹெட்டுக்காகச் சண்டைக்குப் போகுமுன் பில்லைக் கேளுங்கள். அவருடைய பெயர், முகவரி, எஞ்சின் இலக்கம், தொகை, திகதி எல்லாம் அதில் இருக்கவேண்டும். வாடிக்கையாளருக்குப் பில் கொடுப்பது அவருடைய கடமை. பகைத்துக்கொண்ட பிறகு அதே கடதாசியை வாங்க வக்கீல் கடிதம் தேவைப்படும்.

ஹெட் விஷயத்தில் உங்கள் கை அவ்வளவு பலவீனமாக இல்லை. பொருட்கள் விற்பனைக் கட்டளைச் சட்டம் (1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கம்) இன்னும் நடைமுறையில் இருக்கிறது. காசு கைமாறி, பொருளையும் எடுத்துவிட்டதால் எழுத்து ஒப்பந்தம் இல்லை என்பது தடையாகாது. என்ன தேவைக்கு வாங்குகிறீர்கள் என்று சொல்லி, விற்பவரின் அனுபவத்தை நம்பி வாங்கினால், பொருள் அந்தத் தேவைக்குப் பொருந்தும் என்ற நிபந்தனையைச் சட்டமே ஒப்பந்தத்துக்குள் வைக்கிறது. “அப்படியே பூட்டி ஓடலாம்” என்ற அவருடைய வார்த்தையும் உங்களுக்குச் சாதகம். அவர் இரண்டு பதில் சொல்வார். ஒன்று, பூட்டிப் பார்க்கக் கொடுத்த செக்கிங் வாரண்டி முடிந்துவிட்டது. மற்றது, நீங்கள்தான் கழற்றி உடைத்தீர்கள். இரண்டாவதுதான் ஆபத்தானது. ஹெட்டைத் தொடாமல் படம் எடுங்கள். வேறொரு வேலைத்தலத்தில் பிரஷர் டெஸ்ட் செய்து, வெடிப்பு சூடேறியதால் வந்த பழையதா என்று எழுத்தில் வாங்குங்கள். நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு முறையிடுவதானால் விற்பனை நடந்து மூன்று மாதங்களுக்குள் எழுத்தில் போகவேண்டும். நீங்கள் வாங்கிய திகதியை எழுதவில்லை; இன்றே பாருங்கள். அந்தக் காலம் கடந்திருந்தாலும் நீதிமன்றம் மூடவில்லை: எழுத்தில்லாத ஒப்பந்தத்தில் வழக்குப் போட மூன்று வருடம் இருக்கிறது.

லேத்காரரின் கதை வேறு. அவர் பிளாக்கைப் பிடித்து வைத்திருப்பதைக் களவு என்று நினைத்துப் பொலிஸுக்குப் போனால் ‘இது சிவில் விஷயம்’ என்று திருப்பி அனுப்புவார்கள், அது சரியும்கூட. நமது ரோமன்-டச்சுச் சட்டப்படி, வேலை செய்தவர் கூலி வரும்வரை பொருளைத் தன் கையில் வைத்திருக்கலாம். விற்கவோ பாவிக்கவோ முடியாது. விற்றால் அப்போது அது நம்பிக்கை மோசடி. ஆனால் அந்த உரிமை உண்மையில் சேரவேண்டிய கூலிக்கு மட்டும்தான். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் சட்டத்தின்படி சேவை செய்பவர் உரிய கவனத்தோடும் திறமையோடும் செய்வதாக உத்தரவாதம் அடங்கியிருக்கிறது. பிஸ்டனைக் கையில் வைத்துக்கொண்டு அதை அளக்காமல் குடைந்தால் அந்தத் திறமை எங்கே? கெடுத்த வேலைக்கு முழுக் கூலி கேட்க முடியாது.

இருந்தாலும் இதை வழக்காக்குவதை நான் விரும்பவில்லை. ஒரு பிளாக்குக்காக மாவட்ட நீதிமன்றத்தில் வருடக்கணக்கில் திகதி வாங்குவதா? தொகை சிறியது என்றால் எப்படியும் முதலில் மத்தியஸ்த சபைக்குத்தான் அனுப்புவார்கள். அவரிடம் இப்படிக் கேளுங்கள்: நாலு சிலிண்டருக்கும் தன் செலவில் ஸ்லீவ் (உள்ளே இறக்கும் புது உருளை) போட்டு உங்கள் பிஸ்டனுக்கு ஏற்றபடி குடைந்து தரட்டும், நீங்கள் முதலில் பேசிய கூலியைக் கொடுங்கள். அல்லது அடுத்த அளவுப் பிஸ்டன் கிடைத்தால் அதன் விலையை அவர் ஏற்கட்டும். சம்மதித்தால் இரண்டு வரி எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். மறுத்தால் கோரிக்கைக் கடிதம் அனுப்பலாம். வேலைக் கூலிக்கு அவர் வழக்குப் போட ஒரு வருடம்தான் என்பதையும் காலவிதிப்புச் சட்டம் சொல்கிறது. பிளாக் கையில் இருக்கும்வரை அவருக்கு அவசரம் இராது, உங்களுக்குத்தான் இருக்கும்.

பூட்டி முடித்த பிறகு வரும் விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஜப்பானில் ஜீடி டர்போ 135 குதிரைவலுவோடு விற்கப்பட்டது, எடையோ ஒரு டன்னுக்கும் குறைவு. சாதாரண ஸ்டார்லட்டின் பிரேக்கோடு அதை ஓட்டி விபத்து நடந்தால், எதிர்த்தரப்புச் சட்டத்தரணி முதல் கேள்வியாக அதைத்தான் கேட்பார். நானாக இருந்தாலும் கேட்பேன். காப்புறுதிக் கம்பனிக்கு எஞ்சின் மாற்றத்தை எழுத்தில் அறிவித்து, ஒப்பந்தத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். மறைத்தால் உங்கள் காரின் சேதத்துக்கான கோரிக்கையை அவர்கள் நிராகரிக்கக் காரணம் தேடவேண்டியதே இல்லை. சைலென்சர் இல்லாத குழாயும் வேண்டாம். 2025 ஜனவரியில் ‘கிளீன் ஸ்ரீலங்கா’ என்று தொடங்கிய சோதனைகளில் பொலிஸ் தெருவிலேயே நிறுத்தி மேலதிகப் பூட்டல்களைக் கழற்றவைத்ததை எல்லோரும் பார்த்தோம். புகைப் பரிசோதனையில் தேறாவிட்டால் வருடாந்த ரெவனியூ லைசன்ஸும் கிடைக்காது.

மேல்மாடிக்காரர் விஷயத்தில் அவர் பக்கம்தான் எனக்குச் சாய்வு அதிகம். 1996ஆம் ஆண்டின் இரைச்சல் கட்டுப்பாட்டு ஒழுங்குவிதிகள் மாநகரசபைப் பகுதிக்குப் பகலில் 63, இரவில் 50 டெசிபல் என்று எல்லை வைக்கின்றன. இரவு என்பது அங்கே மாலை ஆறு மணிக்கே தொடங்கிவிடுகிறது. அதைவிட முக்கியம், அந்தத் தரிப்பிடம் உங்கள் வீட்டு உறுதிப்பத்திரத்தில் உங்களுக்கென ஒதுக்கப்பட்டதா, பொதுப் பகுதியா என்பது. ஒதுக்கப்பட்டதாக இருந்தாலும் அது கார் நிறுத்தத்தான். கராஜ் நடத்த அல்ல என்று தொடர்மாடியின் முகாமைத்துவக் கூட்டுத்தாபனம் சொன்னால் எதிர்த்துப் பேச என்னிடம் அதிகம் இல்லை. ஸ்பானர் வேலையைப் பகலில், ஞாயிறு காலை தவிர்த்து, செய்ய அனுமதி கேட்டு ஒரு கடிதம் கொடுங்கள். வெல்டிங்கையும் கிரைண்டரையும் வெளியே ஒரு கராஜுக்குக் கொண்டுபோங்கள். பெட்ரோல் தாங்கியோடு நிற்கும் காருக்குப் பக்கத்தில் பொறி பறந்து தீப்பிடித்தால், மேல்மாடி முழுவதற்கும் நட்டஈடு கேட்டு வரும் வழக்கில் உங்களுக்காக வாதாட நான் தயாரில்லை.