மூன்றாவது கியரில் கரகரப்பு: கிளட்சை மாற்ற வேண்டுமா?

வணக்கம். 2008 ஹோண்டா சிவிக் எஸ்ஐ கார். 7,000 ஆர்பிஎம் வரை ஏற்றி இரண்டிலிருந்து மூன்றுக்கு மாற்றினால் கரகரவென்று சத்தம். சில நேரம் மூன்றாவது கியர் தானே நழுவி நியூட்ரலுக்கு வந்துவிடுகிறது. மெக்கானிக் கிளட்சை மாற்றச் சொல்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அவசரப்பட்டுப் பணத்தை எடுத்து நீட்டாதீர்கள்.

கிளட்ச் முழுதாக விடுபடாவிட்டால் எல்லா கியரும் முரண்டுபிடிக்கும். முதல் கியரும் ரிவர்ஸும்தான் முதலில் காட்டிக்கொடுக்கும். உங்களுக்கோ மூன்று மட்டுமே தகராறு. அந்தத் தலைமுறை எஸ்ஐயில் இது பழைய கதை. ஹோண்டாவே அமெரிக்க டீலர்களுக்கு இதற்கென்று சர்வீஸ் அறிக்கை அனுப்பியிருக்கிறது.

ஒரு சோதனை: இரண்டிலிருந்து நியூட்ரலுக்கு வந்ததும் கிளட்சை விட்டுவிட்டு, மறுபடி மிதித்து மூன்றில் போடுங்கள். சத்தமே இல்லையென்றால் தேய்ந்திருப்பது சிங்க்ரோ வளையம், அதாவது கியர் விழும் முன் சுழலும் வேகங்களைச் சமப்படுத்தும் வளையம்.

கரகரப்பு மட்டும் என்றால் முதலில் கியர் ஆயிலை மாற்றிப் பார்க்கச் சொல்வேன். சுமார் ஒன்றரை லிட்டர்தான் பிடிக்கும். ஹோண்டாவின் எம்டிஎஃப் என்ற மேனுவல் கியர் ஆயிலை ஊற்றுங்கள். "எல்லாம் ஒன்றுதான் சார்" என்று கடைக்காரர் நீட்டும் ஜிஎல்-5 தர கியர் ஆயில் வேண்டவே வேண்டாம். அதில் சிங்க்ரோ சரியாகப் பிடிக்காது, பித்தளை வளையம் இருந்தால் அரிக்கவும் கூடும்.

ஆனால் கியர் நழுவுகிறது என்கிறீர்களே, அதற்கு ஆயில் மருந்தல்ல. கியரைப் பூட்ட நகரும் வளையமான ஸ்லீவின் பற்களும் கியரின் பற்களும் முனை மழுங்கியிருக்கும். கியர் பெட்டியைப் பிரித்து மூன்றாவது கியர், ஸ்லீவ், அதைத் தாங்கும் ஹப், சிங்க்ரோ வளையம் எல்லாவற்றையும் ஒன்றாக மாற்ற வேண்டும். வளையத்தை மட்டும் மாற்றுகிறேன் என்பவரிடம் வண்டியை விடாதீர்கள். பெட்டி கீழே இறங்கியிருக்கும்போது கிளட்ச் தட்டையும் பாருங்கள். தேய்ந்திருந்தால் அப்போது மாற்றுவதற்குத் தனிக் கூலி அதிகம் ஆகாது.