ஆல்-கிரெயின் பீர்: எவ்வளவு தண்ணீர் ஊற்றுவது?

வீட்டில் முழுத் தானியத்தில் பீர் காய்ச்சுபவர்கள் அனுப்பிய கேள்விகளில் பாதிக்கு மேல் தண்ணீர்க் கணக்கு பற்றியவைதான். இங்கே நான் சொல்லும் லிட்டர் எல்லாம், வேறுவிதமாகக் குறிப்பிட்டாலொழிய, ஆறிய தண்ணீரின் லிட்டர். கணக்கு குழம்புவதற்குப் பெரிய காரணமே, ஒரு வரியில் சூடான லிட்டரையும் அடுத்த வரியில் ஆறிய லிட்டரையும் கலந்து கூட்டுவதுதான்.

கேள்வி: 20 லிட்டர் பீருக்கான செய்முறை, 5 கிலோ மால்ட் (முளைக்கவைத்து உலர்த்திய தானியம்). 28 லிட்டர் தண்ணீர் ஊற்றினேன். ஃபெர்மென்டருக்கு (நொதிக்கவிடும் பாத்திரத்துக்கு) போனது பதினாறரை லிட்டர்தான். மீதி எங்கே போனது?

நான்கு இடங்களில் போயிருக்கிறது. மால்ட் கிலோவுக்கு ஏறக்குறைய 1 லிட்டர் குடித்துக்கொள்ளும், அது 5 லிட்டர். மேஷ் பாத்திரத்தில், அதாவது மால்ட்டை வெந்நீரில் ஊறவைக்கும் பாத்திரத்தில், குழாய்க்குக் கீழே வடியாமல் நிற்பது 1 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மணி நேரக் கொதியில் ஆவியாவது மூன்றரை. கொதித்து முடிந்தபின் ஹாப்ஸ் (கசப்பும் மணமும் தரும் பூ) வண்டலோடு பானையில் விட்டுவிடுவது 2. மொத்தம் பதினொன்றரை. 28-இல் அதைக் கழித்தால் உங்கள் பதினாறரை வந்துவிடுகிறது. எதுவும் காணாமல் போகவில்லை.

இனிமேல் கடைசியிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள். ஃபெர்மென்டருக்கு 20 வேண்டும். வண்டலுக்கு 2 சேர்த்தால் 22. ஆவிக்கு மூன்றரை சேர்த்தால் 25.5, கொதிக்கத் தொடங்கும்போது பானையில் இருக்க வேண்டியது இதுதான். மால்ட் குடிக்கும் 5, அடியில் தங்கும் 1, இரண்டையும் சேர்த்தால் 31.5 லிட்டர். இதை மேஷுக்கும் ஸ்பார்ஜுக்கும் (ஊறிய மால்ட்டில் மிஞ்சிய சர்க்கரையை அலசி எடுப்பதற்கும்) பிரிக்க வேண்டும். கிலோவுக்கு 3 லிட்டர் வீதம் மேஷுக்கு 15, மீதி 16.5 ஸ்பார்ஜுக்கு. ஒரே தடவையில் ஊற்றி வடிக்கும் பேட்ச் ஸ்பார்ஜ் என்றால், முதல் வடிப்பும் இரண்டாவது வடிப்பும் ஏறக்குறைய சமமாக இருப்பது நல்லது, சர்க்கரை நன்றாக இறங்கும். அதற்கு மேஷிலேயே 18, 19 லிட்டர் ஊற்றலாம்.

மால்ட் தவிர மற்ற மூன்று இழப்பும் உங்கள் பாத்திரத்தைப் பொறுத்தவை. என் எண்களை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒருமுறை உட்கார்ந்து உங்களுடையதை அளந்துவிடுங்கள்.

கேள்வி: ஆவியாவதை நூற்றுக்கு இத்தனை என்று கணக்கிடலாமா? மென்பொருளில் 15 சதவீதம் என்று இருக்கிறது.

வேண்டாம். எத்தனை லிட்டர் ஆவியாகும் என்பதை அடுப்பின் வேகமும் பானை வாயின் அகலமும்தான் முடிவு செய்கின்றன. உள்ளே எவ்வளவு இருக்கிறது என்பதற்கும் அதற்கும் அதிகத் தொடர்பு இல்லை. 25 லிட்டரில் 15 சதவீதம் என்றால் 3.75, கிட்டத்தட்ட சரியாக வரும். அதே பானையில் 12 லிட்டர் மட்டும் காய்ச்சினால் அந்தச் சதவீதம் 1.8 லிட்டர் என்று சொல்லும், ஆனால் நிஜத்தில் ஏறக்குறைய அதே மூன்றரைதான் போகும். சின்ன அளவில் காய்ச்சுபவர்கள் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

சோதித்துப் பார்க்க வெறும் தண்ணீர் போதும். கொதி வந்ததும் உயரத்தைக் குறியுங்கள், வழக்கமான தீயில் மூடாமல் ஒரு மணி நேரம் கொதிக்க விட்டு மறுபடி குறியுங்கள். வித்தியாசத்தை 0.96-ஆல் பெருக்கினால் ஆறிய லிட்டர் கிடைக்கும். திறந்த வெளியில் காற்றடிக்கும் நாளில் இந்த எண் மாறும், அதனால் காய்ச்சும் இடம் மாறினால் சோதனையையும் மறுபடி செய்யுங்கள்.

கேள்வி: என் பானையில் அளவுக்கோடு எதுவும் இல்லை. குத்துமதிப்பாகத்தான் பார்க்கிறேன்.

நீளமான மரக்கரண்டி ஒன்று போதும். தண்ணீரைத் தராசில் எடைபோட்டு ஊற்றுங்கள். ஆறிய தண்ணீர் 1 கிலோ என்பது 1 லிட்டர். இரண்டிரண்டு லிட்டராக ஊற்றி, ஒவ்வொரு தடவையும் கரண்டியை நட்டநடுவில் நேராக நிறுத்தி, நனைந்த இடத்தில் கத்தியால் கீறிவிடுங்கள். பக்கம் நேராக இருக்கும் பானை என்றால் இன்னும் எளிது. உள்விட்டம் 36 செ.மீ. என்றால் ஒவ்வொரு சென்டிமீட்டர் உயரமும் கிட்டத்தட்ட ஒரு லிட்டர். 40 செ.மீ. என்றால் சுமார் ஒன்றேகால் லிட்டர்.

கொதிக்கும் நிலையில் அளந்தால் ஒன்றை மறக்காதீர்கள். தண்ணீர் 20 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குப் போகும்போது 4 சதவீதம் விரிகிறது. நமக்கு வேண்டிய 25.5 லிட்டர், கொதியில் கரண்டியில் ஏறக்குறைய 26.5 என்று காட்டும். அதைப் பார்த்துவிட்டு "ஒரு லிட்டர் கூடிப்போச்சே" என்று ஸ்பார்ஜை நிறுத்தினால், கடைசியில் ஒரு லிட்டர் குறையும்.

கேள்வி: பையில் மால்ட்டைப் போட்டு ஒரே பானையில் காய்ச்சுகிறேன். அதற்கும் கிலோவுக்கு 1 லிட்டர் கணக்கா? என் பானை 30 லிட்டர்.

பையைத் தூக்கி நன்றாக வடியவிட்டுக் கொஞ்சம் பிழிந்தால் இழப்பு குறையும். கிலோவுக்கு 0.7 லிட்டர் என்று தொடங்கி, உங்கள் கைக்கு என்ன வருகிறது என்று பார்த்துத் திருத்திக்கொள்ளுங்கள். 5 கிலோவுக்கு மூன்றரை லிட்டர் ஆகிறது. அடியில் தங்கும் இழப்பும் இங்கே இல்லை. 20, 2, 3.5, 3.5 எல்லாம் கூட்டினால் மொத்தம் 29 லிட்டர்.

ஆனால் மால்ட்டும் இடம் பிடிக்கும், கிலோவுக்கு சுமார் 0.67 லிட்டர். 29-ஓடு 3.3 சேர்ந்தால் உங்கள் 30 லிட்டர் பானை வழிந்துவிடும். 6, 7 லிட்டரைத் தனியே எடுத்து வையுங்கள். பையைத் தூக்கியபின் ஒரு சல்லடை மேல் வைத்து அந்தத் தண்ணீரை மெதுவாக ஊற்றி அலசினால் போதும். சர்க்கரையும் கூடுதலாகவே இறங்கும், அதனால் இதை ஒரு குறையாக நான் நினைப்பதில்லை.

கேள்வி: கொதிக்கு முன் 28 லிட்டர் இருக்கிறது, கிராவிட்டி (தண்ணீரை 1.000 என்று வைத்து அளக்கும் அடர்த்தி) 1.039. இருக்க வேண்டியது 25.5 லிட்டர், 1.043. பேட்ச் கெட்டுவிட்டதா?

கெடவே இல்லை. புள்ளிக்குப் பின்னால் வரும் எண்ணை லிட்டரால் பெருக்கிப் பாருங்கள். 39 தடவை 28 என்பது 1092. 43 தடவை 25.5 என்பது 1097. இரண்டிலும் சர்க்கரை ஒன்றுதான், உங்களிடம் இரண்டரை லிட்டர் தண்ணீர் அதிகமாக இருக்கிறது, அவ்வளவுதான். மணிக்கு மூன்றரை போகும் பானையில் 40, 45 நிமிடம் கூடுதலாகக் கொதிக்க விடுங்கள். ஹாப்ஸ் போடும் நேரத்தை அதற்கப்புறம் எண்ணத் தொடங்குங்கள், இல்லாவிட்டால் கசப்பும் மணமும் மாறிவிடும்.

இந்தப் பெருக்கலைத்தான் நான் எல்லோரிடமும் வற்புறுத்துகிறேன். கிராவிட்டி குறைந்தால் உடனே மேஷ் மேல் பழி போட்டுவிடுகிறோம். ஆனால் 25.5 லிட்டரே இருந்து 1.038 காட்டினால், பெருக்கினால் 969தான் வருகிறது. அப்போதுதான் உண்மையிலேயே சர்க்கரை இறங்கவில்லை. கொதிக்கவிட்டு அதைச் சரிசெய்தால் பீரின் அளவு குறையும். சுமார் 350 கிராம் உலர்ந்த மால்ட் எக்ஸ்ட்ராக்ட் (மால்ட் சர்க்கரைப் பொடி) சேர்த்தால் அளவும் குறையாது, கிராவிட்டியும் சரியாகும்.

ஒரு எச்சரிக்கை. சூடான வோர்ட்டில் (மால்ட்டிலிருந்து வடித்த சர்க்கரை நீரில்) ஹைட்ரோமீட்டரை, அதாவது கிராவிட்டி அளக்கும் மிதவைக் கருவியை, விட்டு வந்த எண்ணை நம்பி எதையும் திருத்தாதீர்கள். மாதிரியை, கருவியில் எழுதியிருக்கும் வெப்பநிலைக்கு, பெரும்பாலும் 20 டிகிரிக்கு, ஆறவைத்துப் பாருங்கள்.

கேள்வி: எனக்கு நேர்மாறு. கொதித்து முடிந்ததும் 18 லிட்டர், 1.060. வேண்டியது 1.050.

18 தடவை 60 என்பது 1080. அதை 50-ஆல் வகுத்தால் 21.6. கொதிக்கவைத்து ஆறவைத்த தண்ணீர் 3.6 லிட்டர் சேருங்கள். கசப்பும் அதே விகிதத்தில் இறங்கும், 36 ஐ.பி.யு. (கசப்பை அளக்கும் அலகு) இருந்தால் 30 ஆகும்.

கேள்வி: தண்ணீர் அளவை மாற்றினால் மேஷ் தண்ணீரின் சூட்டையும் மாற்ற வேண்டுமா?

கட்டாயம். 0.41-ஐக் கிலோவுக்கு இத்தனை லிட்டர் என்ற எண்ணால் வகுத்து, வேண்டிய மேஷ் சூட்டுக்கும் மால்ட்டின் சூட்டுக்கும் உள்ள வித்தியாசத்தால் பெருக்கி, வருவதை மேஷ் சூட்டோடு கூட்டுங்கள். மால்ட் 25 டிகிரி, மேஷ் 67 டிகிரி, கிலோவுக்கு 3 லிட்டர் என்றால் தண்ணீர் 73 டிகிரிக்குச் சற்றுக் குறைவாக இருக்க வேண்டும். பையில் முழுத் தண்ணீரோடு, கிலோவுக்கு 5.8 லிட்டர் என்றால் 70 போதும். குளிர்ந்த மேஷ் பாத்திரம் தானும் சூட்டை உறிஞ்சும், அதைக் கணக்கில் பிடிப்பதைவிட முன்னாலேயே வெந்நீர் ஊற்றிச் சூடாக்கிவிடுவது சுலபம்.

கேள்வி: ஜிப்சத்தை (கால்சியம் சல்பேட் உப்பை) மேஷ் தண்ணீருக்குப் போடுவதா, மொத்தத்துக்கா?

கணக்கை மொத்தத் தண்ணீருக்குப் போடுங்கள். 10 லிட்டருக்கு 1 கிராம் போட்டால் லிட்டருக்குக் கால்சியம் 23 மில்லிகிராமும் சல்பேட் 56 மில்லிகிராமும் கூடும். மேஷின் பங்கை மேஷில் போட்டுவிட்டு, ஸ்பார்ஜின் பங்கை நேரே கொதிபானையில் சேர்க்கலாம்.

கேள்வி: ஸ்பார்ஜ் தண்ணீர் மிஞ்சினால் அதையும் ஊற்றிவிடலாமா?

பானையில் வேண்டிய அளவு வந்துவிட்டால் நிறுத்துங்கள். வடிந்து வருவது 1.008-க்குக் கீழே போனாலும் நிறுத்துங்கள். அந்த நிலையில் பி.எச். ஏறி, உமியிலிருந்து துவர்ப்பு இறங்கும். அளவு அப்போதும் குறைவாக இருந்தால் மீதித் தண்ணீரை நேரே கொதிபானையில் ஊற்றுங்கள்.